அற்புதக் கதைகளின் முதற்பதிப்புகள்

1865ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், ஒக்ஸ்போர்ட் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியின் கணித விரிவுரையாளர் ஒருவர் தம் நண்பர்களிடம் விசித்திரமான வேண்டுகோள் ஒன்றை விடுத்தார். சில வாரங்களுக்கு முன்னர் தாம் அன்பளிப்பாக அனுப்பிய நூலைத் தயைகூர்ந்து திருப்பியனுப்பிவிட வேண்டும், அதற்குப் பதிலாகத் திருத்தமாக அச்சிட்ட வேறொரு பிரதி பின்னர் வந்து சேரும் என்பதே அவ்வேண்டுகோள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டல் நாகரிகமன்று என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் கேட்டார். பெரும்பாலோர் திருப்பியும் அனுப்பினர். சிலர் மறந்தனர், சிலர் மனமின்றி வைத்துக்கொண்டனர். அவ்வாறு மறந்தவர் வீட்டிலும் மனமில்லாதவர் வீட்டிலும் தங்கிய பிரதிகளே இன்று உலகின் பெருநூலகங்கள் பூட்டி வைத்துக் காக்கும் பொருள்களாய் விளங்குகின்றன.

அவ்விரிவுரையாளரின் பெயர் சார்ள்ஸ் டொட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயராலேயே உலகம் அவரை அறியும். நூல், அற்புத உலகில் அலிஸ் கண்ட காட்சிகளைக் கூறும் கதை. இலண்டன் மக்மில்லன் கம்பனியார் வெளியிட, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தில் 2,000 பிரதிகள் அச்சாயின. செலவு முழுவதும் ஆசிரியருடையது. படம் வரைந்த ஜோன் டெனியலுக்கு மட்டும் 138 பவுண் கொடுத்திருந்தார். அந்த டெனியலே அச்சைப் பார்த்துவிட்டுப் படங்கள் பதிந்திருக்கும் முறை தமக்குச் சற்றும் திருப்தியில்லை என்றார். டொட்ஜ்சன் தயங்கவில்லை. 2,000 பிரதிகளையும் ஒதுக்கிவிட்டு, இலண்டனில் ரிச்சர்ட் கிளே என்பாரின் அச்சகத்தில் புதிதாக எழுத்துக் கோத்து நூலை மீண்டும் அச்சிடச் செய்தார். அது 1865 நவம்பரிலே கடைக்கு வந்தது. ஆனால் தலைப்புப் பக்கத்தில் 1866 என்றிருந்தது. ஆண்டிறுதியில் வரும் நூலுக்கு அடுத்த ஆண்டை இட்டுப் புதுமை குன்றாமற் பார்த்துக்கொள்வது அக்காலப் பதிப்பாளர் வழக்கம்.

ஒதுக்கப்பட்ட தாள்கள் என்னவாயின? பழைய கடதாசி விலைக்கு விற்றுவிடலாம் என்று டொட்ஜ்சன் முதலில் எண்ணினார். பின்னர் நியூயோர்க் நகரத்து அப்பிள்டன் கம்பனியார் அவற்றை வாங்கி, தலைப்புப் பக்கத்தை மாத்திரம் மாற்றி, 1866 என்று ஆண்டிட்டு அமெரிக்காவில் விற்றனர். டெனியல் வெறுத்த அந்த அச்சு அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போதுமென்று கருதப்பட்டது போலும்! திருப்பி வந்த அன்பளிப்புப் பிரதிகளோ மருத்துவமனைகளிற் கிடந்த பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. அங்கு அவை படித்துப் படித்தே அழிந்திருக்கும். 1865 என்ற ஆண்டைத் தாங்கி எஞ்சியுள்ளவை இருபதுக்குச் சற்றே மேற்பட்டவை.

இப்பொழுது நேயர்கள் தம் முன்னே இரண்டு பழைய நூல்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளட்டும். இரண்டிலும் 1866 என்றே ஆண்டு உள்ளது. ஒன்று இலண்டன் மக்மில்லனுடையது. மற்றது நியூயோர்க் அப்பிள்டனுடையது. எது முந்தியது? ஆசிரியரின் தாய்நாட்டில் வெளிவந்ததே முந்தியதென்று எவரும் கூறுவர். உண்மையோ மாறானது. அப்பிள்டன் நூலின் தாள்களே 1865 யூன் மாதத்தில் ஒக்ஸ்போர்டில் அச்சானவை. மக்மில்லன் நூல் பிறிதோர் எழுத்துக்கோப்பு. தலைப்புப் பக்கம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. முதற்பதிப்பை இனங்காணும் கலையின் தொல்லையும் சுவையும் இவ்வோர் எடுத்துக்காட்டிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

இக்கலைக்கென நான்கு சொற்கள் உண்டு. அவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அப்பாற் செல்லுதல் இயலாது. பதிப்பு என்பது எழுத்துக்கோப்பைப் பற்றியது. ஒருமுறை கோத்த எழுத்தைக்கொண்டு எத்தனை தடவை அச்சிட்டாலும் அவை யாவும் ஒரே பதிப்பே. ஒரு தடவை இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய தொகுதி ஓர் அச்சு. அச்சான தாள்களையே வேறொரு தலைப்புப் பக்கத்துடன் வேறொருவர் வெளியிடுவாராயின் அது வேறொரு வெளியீடு. அப்பிள்டனின் அலிஸ் அத்தகையது. அச்சு ஓடும்போதோ அதன் பின்னரோ ஒரு பிழை திருத்தப்படுமாயின், திருத்தத்திற்கு முந்தியதும் பிந்தியதும் இரு நிலைகள். நம்மவர் தமிழ் நூல்களில் 'இரண்டாம் பதிப்பு' என்று பெருமையோடு அச்சிடுவது பெரும்பாலும் இரண்டாம் அச்சேயன்றிப் பதிப்பன்று. ஆங்கில நூல் சேகரிப்போர் 'முதற்பதிப்பு' என்று வாய்ச்சொல்லாகக் கூறுவதும் உண்மையில் முதற்பதிப்பின் முதல் அச்சையே. இந்தச் சொல்மயக்கத்தைப் பயன்படுத்தியே எத்தனையோ நூல்கள் தகுதிக்கு மேற்பட்ட விலைக்குக் கைமாறியுள்ளன.

சாதாரண வீடுகளில் நிகழும் மயக்கம் இன்னும் எளியது. கென்னத் கிரேயம் எழுதிய, வில்லோ மரங்களிடையே வீசும் காற்று என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலை எடுத்துக்கொள்வோம். தேரையும் அகழெலியும் நீரெலியும் பேசி உலவும் இனிய கதை அது. தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தில், முதன்முதல் 1908இல் வெளியிடப்பட்டது என்ற வரியைக் கண்டதும் தம் தாத்தா வாங்கிய நூல் முதற்பதிப்பு என்று மகிழ்வோர் பலர். அவ்வரி நூல் பிறந்த ஆண்டைக் கூறுகிறதேயன்றி அந்தப் பிரதி பிறந்த ஆண்டைக் கூறவில்லை. மெதுவென் கம்பனியார் 1908இல் வெளியிட்ட பிரதியில் கிரகம் றொபேட்சன் வரைந்த முகப்புச் சித்திரம் ஒன்றைத் தவிர உள்ளே படங்கள் இல்லை. நம் நினைவில் நிற்கும் ஈ. எச். ஷெப்பேர்டின் கோட்டுச் சித்திரங்கள் 1931ஆம் ஆண்டிலேதான் அந்நூலிற் குடிபுகுந்தன. ஷெப்பேர்டின் தேரை உள்ளே காரோட்டிக்கொண்டிருந்தால், மேற்கொண்டு ஆராய வேண்டிய தேவையே இல்லை.

பிரித்தானியப் பதிப்பாளர் பலர் பின்னைய அச்சுகளை அதே இடத்தில் வரிசையாகக் குறிப்பது வழக்கம். ஆகவே முதலாண்டு மட்டும் தனித்து நின்று, கீழே வேறு வரியெதுவும் இல்லையாயின் நம்பிக்கை கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு முறை பரவியது. பத்திலிருந்து ஒன்றுவரை இலக்கங்களை ஒரே வரியில் அச்சிட்டுவிடுவர். இரண்டாம் அச்சின்போது ஒன்றை அழிப்பர். மூன்றாம் அச்சின்போது இரண்டை அழிப்பர். தகட்டிற் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதிலும் இருப்பதை அழிப்பது எளிதல்லவா? எஞ்சி நிற்கும் மிகச் சிறிய இலக்கமே அச்சின் எண்.

1997 யூன் 26ஆம் நாள் இலண்டன் புளூம்ஸ்பெரி கம்பனியார் வெளியிட்ட ஹரி பொட்டர் முதல் நூலுக்கு இவ்விலக்க வரியே முதற் சான்று. கெட்டி அட்டையில் வந்த முதல் அச்சு 500 பிரதிகள்தாம். அவ்வரி ஒன்றில் முடியவேண்டும். பதிப்புரிமை ஜோன் றோலிங் என்ற முழுப்பெயரில் இருக்கவேண்டும். 53ஆம் பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்கு வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இருமுறை இடம்பெற்றிருக்கும். பின்னட்டையில் தத்துவஞானி என்னும் ஆங்கிலச் சொல் ஓர் எழுத்துக் குறைந்து நிற்கும். மந்திரக்கோற் பிழை பின்னைய சில அச்சுகளிலும் காணப்படுவதால், அதனை மாத்திரம் கண்டு துள்ளுதல் கூடாது. அந்த 500இல் பெரும்பகுதி பொதுநூலகங்களுக்குச் சென்றுவிட்டது. நூலக முத்திரையும் ஒட்டுத்தாளும் பிள்ளைகளின் கைவிரற் கறையும் படியாத பிரதி அரிதாயிருப்பது அதனாலேயே.

அச்சுப்பிழையைச் சான்றாகக் கொள்ளும் முறைக்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்கது, 1900ஆம் ஆண்டு சிக்காக்கோ நகரில் ஜோர்ஜ் எம். ஹில் கம்பனியார் வெளியிட்ட ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதை. எல். பிராங் போம் எழுதியது. டென்ஸ்லோ வண்ணப் படங்கள் தீட்டியது. அதன் முதல்நிலையில், 14ஆம் பக்கத்து முதல் வரியில் காற்றின் ஓலத்தைக் குறிக்குமிடத்தில் ஓர் இடைச்சொல் மாறி விழுந்திருக்கும். 81ஆம் பக்கத்தின் அடியிலிருந்து நாலாம் வரியில், துண்டுகள் என்னும் பொருளுடைய சொல்லில் இரண்டு உயிரெழுத்துகள் இடம்மாறி நிற்கும். 227ஆம் பக்கத்து முதல் வரியில் தகர மனிதனின் பெயருக்கு முன் வரவேண்டிய சுட்டுச்சொல் விடுபட்டிருக்கும். நூலின் இறுதியில் அச்சு விவரம் கூறும் குறிப்பு, முதல்நிலையில் 11 வரிகளாய்க் கட்டமொன்றுக்குள் அடங்கியிருக்கும். பின்னர் அது 13 வரிகளாய்க் கட்டமின்றி வந்தது.

இவ்வளவும் பொருந்திவிட்டால் தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். துணிக்கட்டின் முதுகின் அடியிலுள்ள பதிப்பகப் பெயரும் மூன்று வகையாய் அமைந்துள்ளது. கட்டுவோர் பட்டறையில் பழைய தாளும் புதிய தாளும் கலந்து கிடந்தன. கைக்கு எது எட்டியதோ அதனை எடுத்துக் கட்டினர். ஆதலால் முதல்நிலைத் தாளுக்கு இரண்டாம்நிலைக் கட்டும், அதற்கு மாறானதும் உண்டு. வரலாற்றாசிரியன் ஆசைப்படும் ஒழுங்கு பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியாது. அவனுக்குச் சனிக்கிழமைக்குள் வேலை முடியவேண்டும். ஹில் கம்பனி 1902இல் முறிந்துபோக, நூல் பொப்ஸ் மெரில் கம்பனியார் கைக்கு மாறி 1903இல் சற்று வேறான தலைப்புடன் வெளிவந்தது. அதிலும் பழைய பதிப்புரிமை ஆண்டைக் கண்டு மயங்குவோர் இன்றும் உளர்.

இனி மேலுறையின் கதை. நூலின்மேற் போர்த்தும் கடதாசி உறையை நாம் கிழியும் வரை வைத்திருந்துவிட்டு எறிந்துவிடுகிறோம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலும் அப்படித்தான் எறிந்தார்கள். இன்றோ உறையுடன் கூடிய பிரதியின் விலை உறையற்றதன் விலையைப் பன்மடங்கு மிஞ்சுகிறது. உறையின் வரலாற்றிலும் டொட்ஜ்சனுக்குப் பங்குண்டு. 1876 பெப்ரவரியில் அவர் மக்மில்லனுக்கு எழுதிய கடிதமொன்றில், வரவிருக்கும் தம் நூலைச் சுற்றும் கடதாசியின் முதுகிலே நூலின் பெயரை அச்சிடுமாறு கேட்டார். பெயர் தெரிந்தால் உறையைக் களையாமலே கடைக்காரர் நூலை அடுக்கி வைக்கலாம், நூலும் அழுக்குப்படாது என்பது அவர் கருத்து. எல்லாவற்றிலும் நுணுக்கம் பார்த்த மனிதர்!

அறுபத்தோராண்டுகளின் பின் அதே டொட்ஜ்சனின் பெயர், தாமறியாத ஒரு நூலின் உறையில் ஓர் அடையாளச் சின்னமாயிற்று. ஒக்ஸ்போர்டின் மற்றொரு பேராசிரியரான ஜே. ஆர். ஆர். டொல்கீனின் 'ஹொபிற்' என்னும் கதையை, ஜோர்ஜ் அலன் அன்ட் அன்வின் கம்பனியார் 1937 செப்ரெம்பர் 21ஆம் நாள் இலண்டனில் வெளியிட்டனர். பதிப்பாளரின் பத்து வயது மகன் படித்துப் பார்த்து நல்ல நூலென்று சான்று எழுதிக் கொடுத்து ஒரு ஷிலிங் கூலி பெற்றான். அச்சான்றே நூல் வெளிவரக் காரணமாயிற்று. முதல் அச்சு 1,500 பிரதிகள். விலை ஏழு ஷிலிங் ஆறு பென்ஸ். உறையை ஆசிரியரே வரைந்தார். சூரியனைச் சிவப்பாக்க அவர் விரும்பினார். ஒரு வண்ணம் கூடினால் செலவு கூடுமென்று பதிப்பாளர் மறுத்துவிட்டார். பின்புற உள்மடிப்பில் டொல்கீனை அலிஸ் கதையாசிரியருடன் ஒப்பிட்டு எழுதிய குறிப்பொன்று இருந்தது. இருவரும் ஒக்ஸ்போர்ட் அறிஞர், இருவரும் கடினமான துறையினர், இருவரும் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர் என்பது அதன் கருத்து. அக்குறிப்பில் டொட்ஜ்சன் என்னும் பெயரின் நடுவே வேண்டாத உயிரெழுத்தொன்று நுழைந்துவிட்டது. உறைகள் அச்சாகிவிட்டபடியால், ஒவ்வோர் உறையிலும் அவ்வெழுத்தைக் கையாலே மைகொண்டு அடித்துத் திருத்தினர். ஏதோ ஓர் எழுத்தர் அலுப்புடன் இழுத்த அந்த மைக்கோடே இன்று முதல் அச்சின் உறைக்குச் சிறந்த அத்தாட்சி.

உறைக்கு விலை ஏறிய பின்னர் போலியுறைகளும் பிறந்தன. நல்ல பிரதி ஒன்றின் உறையை வண்ணப்படமெடுத்து அச்சிட்டு, உறையிழந்த பிரதிக்கு அணிவிப்பது எளிது. அது நகலென்று சொல்லி விற்றால் குற்றமில்லை. இரண்டாம் கையிலும் மூன்றாம் கையிலும் அச்சொல் உதிர்ந்துபோவதே தொல்லை. நகலுறை ஒரே பரப்பாய் வழவழப்பாயிருக்கும். அசலில் இருந்த கிழிசலும் மடிப்பும் கூட நகலிலே வெறும் படமாய்த் தெரியும், விரலால் தடவினால் தட்டுப்படா. நகலின் மைக்கோடும் அவ்வாறே. அசலில் மை தாளின்மேற் கிடக்கும். நகலில் அது பிறவெழுத்துகளோடு ஒரே தளத்தில் அச்சாகிக் கிடக்கும். கையில் ஒரு பூதக்கண்ணாடியும் சாய்ந்து விழும் வெளிச்சமும் இருந்தாற் போதும்.

பொய்யை வெளிப்படுத்தியதில் கடதாசியே பெருஞ்சாட்சியாய் நின்ற நிகழ்ச்சியொன்று உண்டு. அது அற்புதக் கதை நூல்களைப் பற்றியதன்றாயினும், முதற்பதிப்பு ஆராய்வோர் எவரும் அதனை மறப்பதில்லை. தோமஸ் ஜேம்ஸ் வைஸ் என்பவர் இங்கிலாந்தின் நூலாராய்ச்சித் துறையில் தலைமகனாய்ப் போற்றப்பட்டவர். அவர் முதற்பதிப்பு என்றால் முதற்பதிப்பு, அல்லவென்றால் அல்ல. அத்தகையவர், பெருங்கவிஞரின் ஏற்கெனவே வெளிவந்த கவிதைகளைச் சிறு நூல்களாய் அச்சிட்டு, உண்மையான முதற்பதிப்புக்கும் முந்திய ஆண்டை அவற்றிற்கு இட்டுவிட்டார். எலிசபெத் பரற் பிரௌணிங்கின் காதற் பதினான்கடிப் பாக்கள் 1850இல் வெளிவந்தவை. வைஸின் சிறுநூலோ 1847 என்று கூறியது. 1934இல் ஜோன் காட்டர், கிரகம் பொலாட் என்னும் இளம் புத்தக வியாபாரிகள் இருவர் அச்சிறுநூல்களின் கடதாசியைச் சோதித்தனர். எஸ்பார்ட்டோ என்னும் புல்லாற் செய்த கடதாசி இங்கிலாந்தில் 1861க்கு முன்னரும், இரசாயன முறையிற் பதப்படுத்திய மரக்கூழ்க் கடதாசி 1874க்கு முன்னரும் வழக்கில் இல்லை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அச்சானவையென்று கூறிய நூல்கள் பலவற்றில் இவையே இருந்தன. எழுத்துருவமோ 1880க்குப் பிந்தியது. அதனை வைத்து அச்சகத்தையும் கண்டுபிடித்தனர். அது, அன்று அலிஸைத் திருத்தமாய் அச்சிட்டுக் கொடுத்த அதே கிளே அச்சகம்! அச்சகத்தார் குற்றமறியாது தமக்கு வந்த வேலையைச் செய்து கொடுத்தவரே. வைஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1937இற் காலமானார்.

நம் நாட்டில் இத்தகைய நூல்கள் இருக்குமா என்று நேயர்கள் வினவலாம். பழைய வீடுகளின் அலுமாரிகளில் உள்ள ஆங்கிலக் கதை நூல்களை எடுத்துப் பார்ப்போர், இந்நூல் இந்தியாவிலும் குடியேற்ற நாடுகளிலும் மாத்திரம் விற்பனைக்கு என்ற கருத்துடைய வாசகத்தைச் சிலவற்றில் காண்பர். மக்மில்லன் கம்பனியார் 1886இல் இத்தகைய குடியேற்ற நாட்டு வரிசையொன்றைத் தொடங்கினர், ஏனையோரும் பின்பற்றினர். மலிவாய் விற்பதற்கென வந்த இவற்றைப் பிரித்தானியச் சேகரிப்போர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. சில வேளைகளில் தாய்நாட்டில் அச்சான அதே தாள்களையே இவற்றிற்கும் கட்டியிருப்பர். அப்பொழுது அது அப்பிள்டன் அலிஸைப்போல ஒரு வெளியீடாகும். அவை அரிதாயிருப்பதற்கு, எங்கள் கடற்காற்றும் கறையானும் இராமபாணப் பூச்சியும் செய்த தொண்டு சிறிதன்று. விற்க எண்ணுவோருக்கு ஒரு சொல்: தாள் பழுத்திருக்கிறதே என்று வெளுக்க முயலவேண்டாம், தளர்ந்த கட்டைப் பிரித்துப் புதிதாய்க் கட்டவும் வேண்டாம். கட்டும் தாளும் உறையுமே சான்றுகள். அழகுபடுத்தச் சென்று சான்றை அழித்தவர் பலர்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, கதை எப்பதிப்பிலும் கதைதானே என்று சிலர் கேட்பர். நியாயமான வினா. கேட்பவர் ஏடு பார்த்துப் பழகிய நம்மவராயின் விடை அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடித் தேடி ஒப்புநோக்கியது பாடபேதத்தின் பொருட்டு. அச்சு வந்தபின் பாடபேதம் ஒழிந்தது என்று எண்ணுகிறோம். அஃது ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது.

டொல்கீனின் பெருங்கதையான 'மோதிரங்களின் தலைவன்' மூன்று பாகங்களாய் 1954 யூலை, 1954 நவம்பர், 1955 ஒக்ரோபர் ஆகிய மாதங்களில் வெளிவந்தது. முதற்பாகம் எதிர்பார்த்ததிலும் விரைவாய் விற்றுத் தீரவே மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. அச்சகத்தார் கோத்த எழுத்தை அதற்கிடையில் கலைத்துவிட்டனர். இதைச் சொல்ல வெட்கமோ என்னவோ, ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் அறிவியாமல் முழுவதையும் முன்போலவே மீண்டும் கோத்து அச்சிட்டுக் கொடுத்தனர். புதுக்கோப்பிற் புதுப்பிழைகள் புகுந்தன. இரண்டாம் அச்சு என்று பெயர்; உண்மையில் அது வேறொரு பதிப்பு. ஆசிரியர் இறந்து பல்லாண்டுகளின் பின், 1990களிலேதான் ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டுபிடித்தனர். பிரதிகளைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிட ஒருவர் முன்வந்திராவிட்டால், அப்பிழைகளை டொல்கீனின் சொற்களென்றே நாம் இன்னும் படித்துக்கொண்டிருப்போம். சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளிலோ மாறுபாடு ஆசிரியராலேயே வந்தது. 1950இல் வந்த முதற் கதையில் காவலனாய் நிற்கும் ஓநாய்க்கு இலண்டன் பதிப்பில் ஒரு பெயர், அமெரிக்கப் பதிப்பில் வேறொரு பெயர். அமெரிக்கப் பிள்ளைகள் 1994 வரை தம் ஓநாயையே அறிந்திருந்தனர்.

ஆனால் 'ஹொபிற்' கதைக்கு நேர்ந்தது இவை யாவற்றிலும் பெரிது. அதன் ஐந்தாம் அதிகாரத்தில், பூமிக்கடியில் இருள் சூழ்ந்த ஏரிக்கரையில், பில்போ என்னும் சிறு மனிதனும் கொலம் என்னும் விகாரப் பிறவியும் விடுகதை போட்டியிடுகின்றனர். இன்று நாம் படிக்கும் நூலில், பில்போ வென்றால் கொலம் வெளியேறும் வழியைக் காட்டவேண்டும். கொலம் தன் மோதிரம் காணாமற் போனதை உணர்ந்து வெறிகொண்டு பில்போவைக் கொல்லத் துரத்துகிறது. அவனைத் திருடன் என்று சபிக்கிறது. 1937இல் வந்த நூலில் நிகழ்ந்தது இதுவன்று. அதிலே மோதிரம் ஒரு பரிசு. வென்றவனுக்குக் கொடுப்பதாகக் கொலமே வாக்களித்திருந்தது. தேடிப் பார்த்து மோதிரத்தைக் காணாமல், வாக்குத் தவறிவிட்டோமே என்று மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டது. மோதிரத்தை முன்னரே சட்டைப்பையில் வைத்திருந்த பில்போ அதனை வெளிவிடாமல், பரிசுக்குப் பதிலாக வழியைக் காட்டு என்றான். கொலம் வழியும் காட்டிற்று. இருவரும் மரியாதையுடன் பிரிந்தனர்.

பின்னர் டொல்கீன் பெருங்கதையை எழுதப் புகுந்தபோது, அம்மோதிரம் எவராலும் மனமொப்பிக் கைவிட முடியாத தீய பொருளாய் வளர்ந்துவிட்டது. அத்தகைய மோதிரத்தைக் கொலம் பரிசாய்க் கொடுக்க இசைந்திருக்குமா? 1947இல் அவ்வதிகாரத்தை மாற்றி எழுதி, மாதிரியாகப் பதிப்பாளருக்கு அனுப்பிவைத்தார். மறுமொழி எதுவும் வரவில்லை. 1950இல் புதிய பதிப்புக்குரிய அச்சுத்தாள்கள் திருத்தத்துக்கு வந்தபோது, அம்மாற்றம் அதிற் சேர்ந்திருப்பதைக் கண்டு அவரே வியப்படைந்தார். ஏற்றுக்கொண்டார். 1951இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. பழைய கதையை என்செய்வது? அதனையும் அவர் வீணாக்கவில்லை. பெருங்கதையின் முன்னுரையில், மோதிரம் பரிசாய்க் கிடைத்தது என்பது பில்போ தன் நினைவேட்டில் எழுதிவைத்த பொய் என்று கூறிவிட்டார்! 1937ஆம் ஆண்டில் ஆசிரியர் உண்மையென்று சொன்னது, 1954இல் பாத்திரத்தின் பொய்யாயிற்று. பழைய நூலைக் கண்ணாற் கண்டவருக்கே இந்த விந்தையின் முழுச் சுவையும் புலப்படும்.

இதிலே பொருள் குறைந்தவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. 1,500 பிரதிகள் கொண்ட முதல் அச்சு இன்று செல்வருக்கே எட்டும். ஆனால் பழைய கதை அதனோடு முடிந்துவிடவில்லை. 1937 டிசெம்பரில், நான்கு வண்ணப்படங்கள் சேர்த்து இரண்டாம் அச்சு 2,300 பிரதிகள் அச்சாயின. அவற்றில் கட்டப்படாமற் கிடந்த 423 பிரதிகள் 1940 நவம்பரில் இலண்டன்மீது விழுந்த குண்டுக்கு இரையாயின. பின்னர் யுத்தகாலத்தில் ஒன்றும் 1946இல் ஒன்றுமாக மேலும் இரண்டு அச்சுகள் வந்தன. இந்நான்கும் முதற்பதிப்பே, நான்கிலும் உள்ளது பழைய ஐந்தாம் அதிகாரமே. ஆகவே பழைய புத்தகக் கடையொன்றில் உறையும் இன்றி, முதுகும் தளர்ந்து, பச்சைத் துணியில் நீலநிற மலைகள் பொறித்த 'ஹொபிற்' ஒன்று கண்ணிற் படுமாயின், தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தை முதலிற் பார்த்து 1951 என்ற ஆண்டு இல்லையெனத் தெரிந்துகொண்டு, பிறகு ஐந்தாம் அதிகாரத்தின் இறுதிப் பக்கங்களுக்குப் போகவேண்டும். அங்கே கொலம் வழிகாட்டிவிட்டு விடைபெறுகிறதா, திருடன் என்று சபிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னர் கடைக்காரரிடம் விலையைக் கேட்கலாம்.